காற்று விழுந்த கடலை வரைய: புதியவர்களுக்கு ஒரு நீர்வண்ண வழிகாட்டி

கடலை வரைய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் அலையில்தான் தொடங்குகிறார்கள். நுரை, சுருள், பாறையில் மோதித் தெறிக்கும் நீர். நான் உங்களை வேறு பக்கம் கூட்டிப் போகிறேன். காற்று விழுந்து, பாய்கள் தொங்கிப் போய், தண்ணீர் எண்ணெய் ஊற்றியது போலக் கிடக்கும் நேரம் ஒன்று உண்டு. ஏறத்தாழ 1800-லிருந்து 1830 வரை, ரொமாண்டிக் காலம் என்று இன்று சொல்லப்படும் அந்த ஆண்டுகளில், இங்கிலாந்து ஓவியர்கள் சிலர் இந்த நேரத்தை வாட்டர்கலரில் பிடித்தார்கள். அவர்களைப் போல வேறு யாரும் பிடித்ததாக எனக்குத் தோன்றவில்லை. புதிதாக வண்ணம் எடுக்கிறவருக்கு அந்தப் படங்களே நல்ல பள்ளிக்கூடம். அவற்றில் தூரிகை வேலை குறைவு, காத்திருப்பு அதிகம். படத்தின் ஒளியில் பாதி, யாரும் தொடாமல் விட்ட காகிதத்திலிருந்து வருகிறது.

இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டே ஒரு சிறு படத்தை வரைந்து முடித்துவிடலாம். காட்சி இதுதான்: பிரான்ஸின் வடக்கே, பிகார்டி கடற்கரை. ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) வற்றிய மாலை. ஈர மணலில் சாய்ந்து நிற்கும் ஒரு மீன்பிடிப் படகு, தூரத்தில் இரண்டு பாய்கள், மேலே அகலமான வானம். ரிச்சர்ட் பார்க்ஸ் பானிங்டன் திரும்பத் திரும்ப வரைந்த வகைக் காட்சி.

முதலில் பாருங்கள்

வண்ணத்தைத் திறப்பதற்கு முன் நாலைந்து நாள் வெறுமனே படங்களைப் பாருங்கள். அருங்காட்சியகங்கள் தங்கள் இணையதளங்களில் பெரிய அளவில் போட்டிருக்கின்றன. லண்டன் டேட், பிரிட்டிஷ் மியூசியம், வாலஸ் கலெக்‌ஷன் மூன்றும் போதும்.

டேட்டில் டர்னர் 1819-ல் வெனிஸில் வரைந்த ஒரு அதிகாலைப் படம் இருக்கிறது. சான் ஜார்ஜோ மஜ்ஜோரே தேவாலயம், முன்னால் அசையாத நீர். ஓவியப் புத்தகத்தின் ஒரு தாள்தான் அது. அதில் எத்தனை பூச்சு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மிகக் கொஞ்சம். வானத்தின் நீலம் கீழே இறங்கி நீராகிவிடுகிறது. கட்டடமும் நிழலும் ஒரே மூச்சில் வைத்தவை போலத் தெரிகின்றன.

அடுத்து தாமஸ் கர்ட்டினின் ‘செல்சீயில் வெள்ளை வீடு’, 1800-ல் வரைந்தது. அது கடல் இல்லை, தேம்ஸ் ஆறு. ஆனால் பாடம் நமக்கானது. அந்தி மங்கும் ஆற்றங்கரையில் ஒரே ஒரு வீடு பளிச்சென்று வெள்ளையாக நிற்கிறது. அந்த வெள்ளை, பெயிண்ட் இல்லாத காகிதம். அதன் கீழே நீரிலும் ஒரு வெள்ளைக் கீற்று விடப்பட்டிருக்கிறது. அந்தக் கீற்றுதான் ஆற்றை அசையாமல் நிறுத்துகிறது.

பிறகு பானிங்டன். இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1802-ல் நாட்டிங்ஹாம் அருகே ஆர்னால்டில் பிறந்தவர். நெப்போலியனோடு நடந்த போர் 1815-ல் முடிந்து, இருபது வருடங்களாகப் பெரும்பாலும் அடைந்து கிடந்த கடல்வழி திறந்தது. லேஸ் தொழில் தொடங்க அவருடைய குடும்பம் 1817-ல் பிரான்ஸின் கலே துறைமுகத்துக்குக் குடிபோனது. அங்கே லூயி ஃபிரான்சியா அவருக்கு ஆசானாகக் கிடைத்தார். ஃபிரான்சியா கலேயில் பிறந்து, லண்டனில் வாழ்ந்து, கர்ட்டினின் ஓவியர் குழுவில் ஒருவராக இருந்து, ஊர் திரும்பியவர். கர்ட்டினின் அகலமான, சிக்கனமான பூச்சு அந்த வழியாகத்தான் பையனின் கைக்கு வந்தது. கர்ட்டின் இறந்ததும் பானிங்டன் பிறந்ததும் ஒரே ஆண்டு. 1824 பாரிஸ் சலோன் கண்காட்சியில் பானிங்டனுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. ஆங்கில ஓவியர்களான கான்ஸ்டபிளும் காப்லி ஃபீல்டிங்கும் அதே ஆண்டு அதைப் பெற்றார்கள். 1828-ல் காசநோயில் இறந்தபோது அவருக்கு 26 வயது நிறைய ஒரு மாதம் இருந்தது. அவருடைய நண்பரான பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா பல ஆண்டுகள் கழித்து எழுதிய கடிதம் ஒன்றில் அந்த வாட்டர்கலர்களை வைரத்தோடு ஒப்பிடுகிறார். தொடுகையின் லேசுக்காக அப்படிச் சொன்னார். நாம் கற்க முயல்வதும் அந்த லேசைத்தான்.

படங்களைப் பார்க்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். அந்தக் காலப் படங்கள் சிலவற்றில் மேகங்கள் செம்மண் கலந்த ரோஜா நிறமாகத் தெரியும். எல்லாமே மாலை வெளிச்சம் என்று நினைத்துவிடாதீர்கள். அன்று மேகச் சாம்பலுக்கு அவுரி நீலத்தையும் காவிச் சிவப்பையும் கலப்பார்கள். அவுரி ஒளி பட்டு வெளிறும், காவி வெளிறாது. இருநூறு ஆண்டுகளில் நீலம் போய்ச் சிவப்பு மட்டும் தங்கிவிட்டது. வாட்டர்கலர்கள் ஒளியில் எப்படி வெளிறுகின்றன என்று இங்கிலாந்து விஞ்ஞானிகள் ரஸ்ஸலும் ஆப்னியும் சோதித்து 1888-ல் அறிக்கையே தந்தார்கள். நம் நாட்டிலிருந்து கப்பல் கப்பலாகப் போன அவுரி அந்த வானங்களில் இருந்தது என்று நினைக்கும்போது எனக்கு அந்தப் படங்கள் இன்னும் நெருக்கமாகின்றன.

நேரமிருந்தால் வில்லியம் டேனியலையும் தேடிப் பாருங்கள். தந்தையின் சகோதரரான தாமஸோடு 1792-93-ல் தென்னிந்தியாவைச் சுற்றி, மாமல்லபுரச் சிற்பங்களை வரைந்தவர். அதே கை பிறகு பிரிட்டன் கடற்கரை முழுவதையும் சுற்றி 1814-லிருந்து 1825-க்குள் 308 அக்வாடிண்ட் (செப்புத் தகட்டில் அமிலத்தால் பொறித்து எடுக்கும்) அச்சுப்படங்களை உண்டாக்கியது. தட்டையான பூச்சுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கித் தூரத்தைக் காட்டுவது எப்படி என்று கற்க, அச்சுப்படத்தைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

என்னென்ன வேண்டும்

காசைக் காகிதத்தில் போடுங்கள். 300 ஜி.எஸ்.எம்., நூறு சதவீதம் பருத்தி, கோல்ட் பிரஸ் என்று அட்டையில் எழுதியிருக்க வேண்டும். மரக்கூழ்க் காகிதத்தில் அகலப் பூச்சு திட்டுத் திட்டாகக் காயும். தவறு உங்கள் கையில் இருப்பதாக நினைத்து மனம் விட்டுவிடுவீர்கள். பெரிய தாளை வாங்கி வெட்டிக்கொள்வது மலிவு. அளவு 14 × 20 செ.மீ. போதும். பானிங்டனின் பல படங்கள் ஏறத்தாழ அந்த அளவுதான். சின்னத் தாளில் ஒரு பூச்சு காய்வதற்குள் முடித்துவிடலாம் என்பது புதியவருக்குப் பெரிய உதவி.

வண்ணம் ஆறு டியூப்: கோபால்ட் நீலம், எல்லோ ஆக்கர், லைட் ரெட், பர்ன்ட் சியென்னா, அல்ட்ராமரீன், ஒரு பளிச்சென்ற சிவப்பு. இதில் அல்ட்ராமரீன் மட்டும் பானிங்டனின் தட்டில் இருந்திருக்க வாய்ப்பில்லை. செயற்கை அல்ட்ராமரீன் அவருடைய கடைசி ஆண்டுகளில்தான் பிரான்ஸில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முந்தைய கல் நீலம் பொன் விலை. கருமைக்கு அவுரிக்குப் பதில் நாம் அதைப் பயன்படுத்துகிறோம். ‘ஹ்யூ’ என்று எழுதிய கோபால்ட் வேண்டாம், அது வேறு நிறமியின் கலவை. உண்மையான கோபால்ட் காகிதத்தின் பள்ளங்களில் மெல்லிய பொடியாகப் படியும். வானத்துக்குக் காற்றின் தடிமன் அதிலிருந்துதான் வருகிறது.

தூரிகை மூன்று. நிறையத் தண்ணீர் பிடித்து முனை கூராக நிற்கும் 12-ஆம் எண் வட்டத் தூரிகை, ஒரு 6, ஒரு 2. அப்புறம் ஒரு பலகை, மாஸ்கிங் டேப், 2பி பென்சில், இரண்டு டம்ளர் தண்ணீர், பழைய பருத்தித் துணி, புது பிளேடு. முடிந்தால் ஒரு சிறு புட்டி கம் அரபிக். அது நம் கருவேல மர இனத்தின் பிசின்தான்.

டேப்பால் தாளின் நான்கு ஓரத்தையும் பலகையில் ஒட்டுங்கள். பலகையின் மேல்பக்கம் இரண்டு விரல் உயரும்படி அடியில் ஒரு புத்தகம் வையுங்கள்.

மூன்று நிழல்களில் ஒரு துண்டுப் படம்

தாளைத் தொடுவதற்கு முன் தீப்பெட்டி அளவில் ஒரு சட்டம் போட்டு, பென்சிலால் மூன்றே அளவில் நிழலிடுங்கள்: வெளுப்பு, நடு, கருப்பு. வானமும் நீரும் மணலும் வெளுப்பு. தூரக் கரையும் மேகத்தின் அடியும் நடு. படகின் உடல் மட்டும் கருப்பு. கருப்பு ஒரே இடத்தில் இருக்கட்டும். இரண்டு கருப்புகளை வைத்தால் கண் அவற்றுக்கிடையே ஓடிக்கொண்டே இருக்கும், அமைதி போய்விடும். இதைச் செய்ய ஐந்து நிமிடம் ஆகும். தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

பென்சில் கோடுகள்

தொடுவானத்தைத் தாளின் அடியிலிருந்து கால் பங்கு உயரத்தில் வையுங்கள். நடுவில் வைத்தால் படம் இரண்டாகப் பிளக்கும். இந்த ஒரு கோட்டுக்கு மட்டும் ஸ்கேல் பயன்படுத்துங்கள், ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தாலும் கடல் வழிந்துவிடும்.

படகு எங்கே? இடமிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி. அது ஏன் மணலில் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு வரைவது நல்லது. சென்னைக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். பிகார்டியின் சோம் ஆற்று முகத்துவாரத்தில் பெரிய ஓதம் பத்து மீட்டர் வரை ஏறி இறங்கும். வற்றும்போது கடல் கண்ணுக்கெட்டாத தூரம் பின்வாங்க, படகுகள் இருந்த இடத்திலேயே தரை தட்டி ஒரு பக்கம் சாய்ந்துகொள்ளும். அடுத்த ஏற்றம் வரும்வரை மீனவர்களுக்கும் அவசரமில்லை. அந்தப் படங்களில் தெரியும் ஓய்வுக்கு இதுவும் ஒரு காரணம்.

படகின் உடலை வரைய, படுத்திருக்கும் 8 ஒன்றை லேசாகப் போடுங்கள். ஒரு வளையம் பெரிது, ஒன்று சிறிது. அதன் மேல் விளிம்பு படகின் வாயாகும். அங்கிருந்து கீழே வயிற்றை இறக்குங்கள். அணியம் (படகின் முன்பக்கம்) கொஞ்சம் உயரட்டும். பாய்மரம் படகு சாய்ந்த பக்கமே சாயும். நேராக நிறுத்தினால் பொம்மைப் படகாகிவிடும். பாயைக் காயப்போட்டது போலத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். காற்று இல்லை என்பதை நீரைவிட முன்னதாகச் சொல்வது பாய்தான். கொடிமரத்தில் சிறு துணி இருந்தால் அதுவும் கீழ்நோக்கித் தொங்க வேண்டும். பதினேழாம் நூற்றாண்டு டச்சுக் கடலோவியர்கள், குறிப்பாக இளைய வில்லெம் வான் டெ வெல்டெ, இந்த மொழியை உருவாக்கினார்கள். ஆங்கிலேயர்கள் அவர்களிடம்தான் படித்தார்கள்.

தூரத்தில் இரண்டு பாய்கள், நகத்தளவு. அளவு வித்தியாசமாக, ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்கட்டும்.

ஆட்களை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு எளிய விதி உண்டு. தட்டை மணலில் நீங்கள் நின்று பார்ப்பதாக இருந்தால், அதே மணலில் நிற்கும் எல்லோருடைய தலையும், பக்கமோ தூரமோ, தொடுவானக் கோட்டில்தான் வரும். உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தால் கோடு அவர்கள் இடுப்பைச் சுற்றிப் போகும், தலை வானத்தில் நிற்கும். நாம் உட்கார்ந்துகொள்வோம். ஆட்களுக்கு அது ஒரு கம்பீரம் தருகிறது.

வானம்

வேலையின் பாதி இது. மற்றதெல்லாம் இதற்குக் கட்டுப்பட்டது. ஆகவே நிதானமாக.

முதலில் எல்லோ ஆக்கரைத் தேநீர் வடிகட்டிய சக்கையில் மறுபடி தண்ணீர் ஊற்றியது போன்ற வெளிர் நிறமாகக் கரையுங்கள். பெரிய தூரிகையால் தாள் முழுவதும், மேலிருந்து கீழாக ஒரே பூச்சு. பாயின் ஒளி படும் பக்கமும், பெண் ஒருத்தியின் தலைத்துணியும், படகுக்குக் கீழே நீர் தேங்கிய இரண்டு மூன்று படுக்கைக் கீற்றுகளும் மட்டும் வெள்ளையாக நிற்கட்டும். இந்தக் கடற்கரை மேற்கே பார்த்தது, சூரியன் கடலில் இறங்கும். அதனால் தொடுவானத்தை நெருங்கும்போது லைட் ரெட் ஒரு சொட்டு சேர்க்கலாம். முழுக்கக் காயட்டும்.

காய்ந்ததா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. புறங்கையை மெதுவாகத் தாளில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. இந்த ஒரு பழக்கம் எனக்குக் கைவர வெகு காலம் ஆனது. அதுவரை நான் கெடுத்த வானங்கள் எல்லாமே அரைகுறையாகக் காய்ந்த தாளில் அடுத்த பூச்சை வைத்ததால் கெட்டவை.

இரண்டாவது பூச்சுக்கு இரண்டு கலவைகள் தயார் செய்யுங்கள். ஒன்று, கோபால்ட் மட்டும். மற்றது கோபால்ட்டும் லைட் ரெட்டும் சேர்ந்த சாம்பல், மேகத்துக்கு. ஒவ்வொன்றும் மூன்று தேக்கரண்டி அளவாவது இருக்கட்டும். நடுவில் தீர்ந்துபோய்ப் புதிதாகக் கலந்தால் அதே நிறம் வராது, அதற்குள் விளிம்பும் காய்ந்துவிடும். கலவை நீங்கள் விரும்பும் நிறத்தைவிட ஒரு படி அடர்த்தியாக இருக்க வேண்டும், காய்ந்தால் வெளிறும். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். கோடையில் நம் ஊரில் விசிறிக்குக் கீழே பூச்சு இரண்டு நிமிடம் தாங்காது; ஐப்பசி மழையில் அரை மணியானாலும் காயாது. நாளைப் பார்த்து வேகத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

தாளின் மேல் பாதியைச் சுத்தமான தண்ணீரால் நனையுங்கள். பளபளப்பு கொஞ்சம் மங்கியதும், மேல் ஓரத்திலிருந்து கோபால்ட்டை இறக்குங்கள். பலகை சாய்ந்திருப்பதால் பூச்சின் கீழ் விளிம்பில் ஒரு நீர்மணிக் கோடு திரளும். அடுத்த இழுப்பில் அந்தக் கோட்டைத் தொட்டு இன்னும் கீழே இழுங்கள். மேகம் வேண்டிய இடத்தில் நீலம் வைக்காமல் தாண்டிப் போங்கள். அடியில் உள்ள ஆக்கர் வெளிச்சமான மேகமாகும். தொடுவானத்துக்கு இரண்டு விரல் மேலே வரும்போது வெறும் தண்ணீருக்கு மாறி நீலத்தைக் கரைத்துவிடுங்கள். ஈரம் இருக்கும்போதே மேகத்தின் அடிவயிற்றில் சாம்பலை வைத்து விடுங்கள். தொடுவானத்தை நெருங்க நெருங்க மேகங்கள் மெலிந்து, படுத்து, நெருங்கி வர வேண்டும்.

இப்போது தூரிகையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போங்கள். உண்மையாகவே சொல்கிறேன், அறையை விட்டுப் போங்கள். ஈர வானம் அழகாக இல்லாதது போலத் தோன்றும், கை பரபரக்கும். பாதி காய்ந்த பூச்சில் ஈரத் தூரிகை பட்டால் காலிஃபிளவர் மாதிரி ஒரு கறை பூக்கும், அது போகாது. மேகத்தில் வெளிச்சம் கூட வேண்டுமானால், பளபளப்பு இருக்கும்போதே ஒரு முறை மட்டும் துணியை முறுக்கி ஒற்றி எடுக்கலாம்.

கடல்

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் கடல் தானாக வந்துவிடும். காற்று அடிக்கும் நாளில் கடற்கரையில் நின்று பாருங்கள். தொடுவானம் கரும் நீலக் கோடாகக் கூர்மையாகத் தெரியும். காரணம், சிற்றலைகளின் நம்மை நோக்கிய சரிவுகள் மேலே உள்ள அடர்ந்த வானத்தைக் காட்டுகின்றன. காற்று விழுந்த நாளில் தூரத்து நீர் தட்டையாகி, தொடுவானத்தை ஒட்டிய வெளிறிய வானத்தையே காட்டும். கடலும் வானமும் ஒன்றில் ஒன்று கரைந்துபோகும். ஆக, தொடுவானத்தைக் கருப்பாகக் கீறினால் காற்று வந்துவிடும். அதைத் தொலையவிட்டால் காற்று நின்றுவிடும்.

வானத்துச் சாம்பலில் மிச்சமிருப்பதை எடுத்து, இன்னும் கொஞ்சம் கோபால்ட், துளி ஆக்கர் சேருங்கள். சாம்பல் கலந்த மங்கிய பச்சை வரும். இங்கிலீஷ் கால்வாயின் நிறம் அதுதான், வங்கக் கடலின் நீலத்தை அங்கே கொண்டுபோகக் கூடாது. தொடுவானத்தின் ஒரு முனையில் தொடங்கி ஒரே இழுப்பாகக் குறுக்கே போங்கள். ஒளி விழும் இடத்தில் தூரிகையைத் தூக்கி ஒரு விரல் அகலம் விட்டுவிட்டு மறுபடி தொடருங்கள். அந்த இடைவெளியில் வானம் கடலுக்குள் இறங்கிவிடும். கீழே வர வர இழுப்புகளுக்கிடையே ஒழுங்கில்லாத படுக்கைக் கீற்றுகள் வெளுப்பாக நிற்கட்டும். எல்லாக் கோடும் படுத்திருக்க வேண்டும். வளைந்த கோடு ஒன்று விழுந்தாலும் அலை எழும்.

ஒரே பூச்சு. இரண்டாவது வேண்டாம்.

தூரக் கரையும் பாய்களும்

கோபால்ட்டும் லைட் ரெட்டும், மிக நீர்த்து. தொடுவானத்தில் ஒரு பக்கம் மட்டும் மெல்லிய கரை, தூரப் பாய்களுக்கு அதே நிறம். ஒவ்வொரு பாய்க்குக் கீழேயும் ஒரு சின்ன இழுப்பு நிழலாக. அவ்வளவுதான்.

மணல்

ஈர மணல் பாதி நிலம், பாதி கண்ணாடி. ஆக்கரும் துளி பர்ன்ட் சியென்னாவும் சாம்பலும் கலந்து, கரைக்கருகே உலர்ந்த மணலைப் பூசுங்கள். அது வெளிறியது. நீரை நெருங்கும் ஈர மணல் அதைவிட அடர்த்தி, ஆனால் அதில் வானத்தின் நிறம் கலந்திருக்கும். 6-ஆம் எண் தூரிகையில் வண்ணத்தை எடுத்துத் துணியில் ஒற்றிவிட்டு, தூரிகையைப் படுக்கவைத்து வேகமாகப் பக்கவாட்டில் இழுங்கள். காகிதத்தின் மேடுகளில் மட்டும் வண்ணம் பிடித்துப் பள்ளங்கள் வெள்ளையாக மினுங்கும். உலர்தூரிகை என்று நாம் சொல்லும் இது பானிங்டனின் பெரிய பலம். ஆனால் இரண்டு மூன்று இடத்தில் போதும். அதிகமானால் மணல் சொறசொறக்கும்.

படகு

பாயிலிருந்து தொடங்குங்கள். அன்றைய மீனவர்கள் பாய்த்துணி உளுத்துப் போகாமலிருக்க ஓக் மரப்பட்டைச் சாற்றில் தோய்ப்பார்கள். அதனால் பாய்கள் காவி, செம்பழுப்பு நிறம். பர்ன்ட் சியென்னாவும் ஆக்கரும் கலந்து, ஒளி படும் ஓரத்தை விட்டுவிட்டுப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே மடிப்புகளில் சாம்பலை விடுங்கள்.

படகின் உடலுக்கு அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியென்னாவும், தண்ணீர் குறைவாக. கருப்பு டியூப் வேண்டாம். இந்தக் கலவை கருப்புக்குள் கொஞ்சம் வெதுவெதுப்பைத் தருகிறது. உடல் முழுவதும் ஒரே கருப்பாக இருக்கக் கூடாது. மேல் விளிம்பில் வெதுவெதுப்பு கூடட்டும், அடியில் மணலின் எதிரொளி பட்டு இளகட்டும். மணலைத் தொடும் இடத்தில்தான் மிகக் கருமை. அந்த இடத்தில் மட்டும் கம் அரபிக் ஒரு துளி சேர்த்தால் காய்ந்த பிறகும் நிறம் ஆழமாக, ஈரம் போலத் தெரியும். அந்தக் காலத்து ஓவியர்கள் பலர் கருமைகளில் இதைச் செய்தார்கள். படத்தைச் சாய்த்துப் பார்த்தால் அந்த இடங்கள் மட்டும் மினுங்கும்.

பாய்மரத்தை 2-ஆம் எண் தூரிகையால் கீழிருந்து மேலாக ஒரே வீச்சில். நடுவில் கொஞ்சம் அறுந்தாலும் சரிசெய்யாதீர்கள், அங்கே ஒளி பட்டதாக இருக்கும். கயிறுகள் இரண்டு போதும்.

நீரில் விழும் பிம்பம்

பிம்பம் பொருளுக்கு நேர் கீழே விழும், பக்கவாட்டில் விழாது. நிழல்தான் பக்கவாட்டில் போகும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது புதியவர்கள் எல்லோரும் செய்வது. வலப்பக்கம் சாய்ந்த பாய்மரத்தின் பிம்பமும் வலப்பக்கமே சாயும், தலைகீழாக. கரும்பொருளின் பிம்பம் அதைவிடச் சற்று வெளிறும்; வெளுத்த பொருளின் பிம்பம் சற்று மங்கும். விளிம்புகள் பொருளில் கூர்மை, பிம்பத்தில் மென்மை. ஈர மணலில் பிம்பத்துக்கு, அந்த இடத்தைத் தண்ணீரால் லேசாக நனைத்துப் படகின் நிறத்தை நீர்த்துக் கீழ்நோக்கி இழுங்கள். காய்ந்ததும் குறுக்கே ஒன்றிரண்டு படுக்கைக் கீற்றுகள்.

ஆட்களும் ஒரு துளி சிவப்பும்

தலை ஒரு புள்ளி, உடல் ஒரு கேரட் வடிவம், கால் ஒரு இழுப்பு. இருவரை நெருக்கமாக, ஒருவரைத் தள்ளி. பெண்ணின் தலைத்துணியைக் காகித வெள்ளையாக விட்டுவிடலாம். ஆண் ஒருவருக்குச் சிவப்புத் தொப்பி.

அந்தச் சிவப்பைப் பற்றி ஒரு கதை. 1832 ராயல் அகாடமி கண்காட்சியில் டர்னரின் சாம்பல் நிறக் கடல் ஒன்று, கான்ஸ்டபிளின் வண்ணம் கொழிக்கும் வாட்டர்லூ பாலத் திறப்புப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டிருந்தது. இரண்டும் எண்ணெய் வண்ணம். கடைசித் திருத்தங்களுக்கான நாளில் டர்னர் வந்தார், பக்கத்துப் படத்தைப் பார்த்தார், தன் கடலில் ஒரு சிவப்புத் துளியை வைத்துவிட்டுப் போய்விட்டார். பிறகு வந்து அதை ஒரு மிதவையாக்கினார். அவர் இங்கே வந்து துப்பாக்கி சுட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று கான்ஸ்டபிள் சொன்னாராம். சாம்பலும் காவியுமான ஒரு படத்தில் அரிசியளவு சிவப்பு என்ன செய்யும் என்பதை உங்கள் தாளிலேயே பாருங்கள். படகுக்குப் பக்கத்தில் வையுங்கள், ஓரத்தில் வேண்டாம். ஒன்றே ஒன்று.

பிளேடு

முழுக்கக் காய்ந்த பிறகு, புது பிளேடின் முனையால் நீரில் ஒன்று அல்லது இரண்டு இடத்தில் படுக்கையாகச் சுரண்டுங்கள். காகிதத்தின் வெள்ளை தெறித்து ஒளிக்கீற்றாகும். டர்னர் இதற்குத் தன் கட்டைவிரல் நகத்தைக்கூடப் பயன்படுத்தியதாகச் சொல்வார்கள். சுரண்டிய இடத்தில் மறுபடி வண்ணம் வைக்க முடியாது, அது மை போல ஊறிப் பரவும்.

பிறகு படத்தை அறையின் எதிர்ச் சுவரில் சாய்த்து வைத்து, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். ஏதோ குறைகிறது என்று தோன்றினால் உடனே கை வைக்காதீர்கள். மறுநாள் காலை பாருங்கள். பெரும்பாலும் தேவைப்படுவது, படகடியில் இன்னும் கொஞ்சம் கருமை மட்டும்தான்.

டேப்பைத் தாளிலிருந்து வெளிப்பக்கமாக, தாழ்வாக இழுத்துப் பிரியுங்கள். பின்பக்கம் தேதியும், அன்று காற்றில் ஈரம் எப்படி இருந்தது, வானம் காய எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் பென்சிலால் எழுதுங்கள். அடுத்த வாரம் இதே காட்சியை, இதே அளவில், மறுபடி வரையும்போது முதலில் அதைத்தான் புரட்டிப் பார்ப்பீர்கள்.